ராயின் ஹெல்மெட்

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று இருபதுக்கு டெவின் மைதானத்திலிருந்து தன் காலாலேயே நடந்து பெஞ்சுக்கு வந்தான். தவறு தொடங்கியது அப்போதுதான். தூக்கிக்கொண்டு வந்திருந்தால் எல்லோரும் எழுந்து நின்றிருப்போம். நடந்து வருகிறவனை யார் பார்ப்பார்கள்? அரங்கின் பெரிய கடிகாரம் எனக்கு நேர் எதிரே தொங்கியதால் அந்த நேரம் மனத்தில் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் வீட்டில் கடிகாரம் மூன்று இருபதைக் காட்டினால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறேன்.

நான் அந்த வேலையை விட்டு ஒரு வருடம் ஆகிறது. ஹூஸ்டனில் நம் தமிழ்க் குடும்பங்களில் பையன்கள் உயர்நிலைப் பள்ளிக்குப் போனதும் ஒரு கேள்வி வருகிறது. பொங்கல் விழாவில் கை கழுவுகிற இடத்தில்கூட என்னைப் பிடித்துக் கேட்கிறார்கள். "அக்கா, நீங்க அந்த ஃபுட்பால் டீம்லதானே வொர்க் பண்ணீங்க? இவன் ட்ரை அவுட் போகணும்னு ஒத்தக்கால்ல நிக்கறான். சேக்கலாமா, வேணாமா?" சேர்க்கலாம் என்றோ வேண்டாம் என்றோ ஒரு சொல்லில் முடிக்க எனக்குத் தெரியவில்லை. இப்போதெல்லாம் தலையில் அடிபட்டவனைக் கணினி முன்னால் உட்காரவைத்துச் சோதிக்கத் தொடங்கிவிட்டார்கள். நல்லதுதான். ஆனால் நான் பார்த்த விபத்து சோதனைக் குறைவால் நடந்ததல்ல. அதைத்தான் எழுதப் போகிறேன்.

நாகர்கோவிலில் பள்ளிக்கூடம், வேலூரில் பிசியோதெரபி, பிறகு கல்யாணம், பெட்ரோலிய ஆலையில் வேலை பார்க்கும் கணவரோடு ஹூஸ்டன். இங்கே மறுபடியும் படித்துத் தேர்வு எழுதி ஒரு மருத்துவ நிலையத்தில் சேர்ந்தேன். பையன் ஜோயல் அப்போது நடக்கப் பழகிக்கொண்டிருந்தான். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்த நிலையம் ஒரு தொழில்முறை அமெரிக்கக் கால்பந்து அணியோடு ஒப்பந்தம் போட்டது; ஹெல்மெட் மாட்டி, பந்தைக் கையில் ஏந்தி ஓடி மோதுகிற ஆட்டம். தொலைக்காட்சியில் வரும் பெரிய அணி அல்ல. பனிச்சறுக்கு அரங்கத்தில் பச்சைக் கம்பளம் விரித்து, பக்கத்துக்கு எட்டுப் பேராக ஆடும் சின்ன லீக். மைதானத்தைச் சுற்றி இடுப்புயரத்தில் பஞ்சு அடைத்த சுவர். ஆட்டக்காரர்கள் பலர் வார நாட்களில் டயர் கடையிலோ கிடங்கிலோ வேலை செய்பவர்கள். எப்படியாவது பெரிய லீக்குக்குப் போய்விட வேண்டும் என்ற ஒரே நினைப்போடு வருகிறவர்கள்.

என் பதவி ட்ரெயினர். ஆட்டம் சொல்லித் தருகிறவர் கோச்; உடம்பைப் பார்த்துக்கொள்கிறவர்தான் ட்ரெயினர். கணுக்காலுக்கு டேப் சுற்றுவது, ஐஸ் வைப்பது, இன்று இவன் ஆடலாம், இவன் ஆடக்கூடாது என்று சொல்வது.

எனக்கு மேலே இருந்தவர் வால்ட். அறுபதை நெருங்கிய வெள்ளைக்காரர், அதிகம் பேசமாட்டார். பேசினால் பேப்பர் வாசிப்பதுபோல ஏற்ற இறக்கமில்லாமல் பேசுவார். நான் சேர்ந்த முதல் வாரம், தலையில் இடித்துக்கொண்டு வந்த ஒருவனிடம், "எப்படி இருக்கே?" என்று கேட்டேன். "நல்லாருக்கேன் மிஸ் கிரேஸ்" என்றான். வால்ட் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"கிரேஸ், எப்படி இருக்கேன்னு கேட்டா மனுஷன் நல்லாருக்கேன்னுதான் சொல்லுவான். அது மரியாதை. பதில் இல்ல. கேக்காதே. எடுத்துடு."

"எதை?"

"ஹெல்மெட்டை."

அதுதான் எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த வழி. ஆட்டக்காரனோடு வாதாடி ஜெயிக்க முடியாது. ஹெல்மெட் இல்லாமல் நடுவர் அவனை உள்ளே விடமாட்டார். ஆகவே அவன் தண்ணீர் குடிக்கிற நேரத்தில் ஹெல்மெட்டை எடுத்து ஒளித்துவிட வேண்டும். வால்டுக்குத் துண்டுகள் வைக்கும் ஒரு பெரிய தகரப் பெட்டி இருந்தது. ஹெல்மெட்டை அதற்குள் போட்டு, வாரைக் கட்டி, அதன் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். அதற்குப் பிறகுதான் சோதனை. மூன்று சொற்களைச் சொல்லுவார். கண்ணில் விளக்கடித்துப் பார்ப்பார், ஒற்றைக் காலில் நிற்கச் சொல்வார், மாதங்களைத் தலைகீழாகச் சொல்ல வைப்பார். கடைசியில் அந்த மூன்று சொற்களைத் திருப்பிக் கேட்பார். வழக்கமான சொற்களைப் பையன்கள் பயிற்சி முகாமிலேயே மனப்பாடம் செய்து வைத்திருந்ததால், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் புதிய சொற்கள். காலையில் பலசரக்குக் கடைக்குப் போகும்போது யோசித்து வைப்பாராம். மூன்றும் வந்தாலும் அன்றைக்கு ஹெல்மெட் திரும்பாது. சோதனை, வீட்டுக்கு அனுப்புவதா மருத்துவமனைக்கு அனுப்புவதா என்று முடிவு செய்யத்தான்.

அந்தப் பெட்டியையும் அவரையும் ஏமாற்றி ஜெயித்தவன் ஒருவன்தான். அவன் பெயர் கர்ட்டிஸ்.

கர்ட்டிஸ் லைன்பேக்கர், அதாவது தடுப்பு வரிசைக்குப் பின்னால் நின்று பந்தோடு வருகிறவனை விழுத்தாட்டுகிறவன். நல்ல ஆட்டக்காரன், வாய் ஓயாதவன். ஒருமுறை தலையில் அடிபட்டு வந்தபோது வால்ட் அவன் ஹெல்மெட்டைப் பெட்டிக்குள் போட்டு மேலே உட்கார்ந்தார். கர்ட்டிஸ் கொஞ்ச நேரம் பொறுத்தான். பந்தை உதைக்க மட்டுமே வருகிற ஒரு சிறிய உடம்புக்காரனின் ஹெல்மெட் பெஞ்சில் கிடந்தது. அதைத் தலையில் அழுத்தி மாட்டிக்கொண்டு உள்ளே ஓடிவிட்டான். எதிரணியின் கடைசி முயற்சியை அவன்தான் தடுத்தான். அணி ஜெயித்தது. ஆட்டம் முடிந்து பார்த்தால் ஹெல்மெட் கழலவில்லை. குழந்தைகளுக்குத் தேய்க்கிற எண்ணெயை ஊற்றி வால்டும் நானும் இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தோம். வால்ட் திட்டவில்லை. "அடுத்த தடவை உன் ஷூவையும் சேத்து எடுத்துடுவேன்" என்று மட்டும் சொன்னார். பிறகு பல நாட்கள் அவனோடு பேசவில்லை. கர்ட்டிஸுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால் அது வேடிக்கைக் கதையாகிவிட்டது. விருந்துகளில், பேருந்தில், புதியவன் யாராவது வந்தால் அந்தக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்பார்கள்.

பிறகு ஒரு ஆட்டத்தில் அவன் முழங்கால் போயிற்று. அறுவைக்குப் பிறகு ஒரு குளிர்காலம் முழுவதும் என் மேசையில்தான் கிடந்தான். கால் மடங்கியது, நிமிர்ந்தது, படியேறியது. திடீரென்று திரும்பி ஓட மட்டும் மறுத்தது. இனி ஆட முடியாது என்று நான் சொல்வதற்கு முன்பே அவனுக்குத் தெரிந்திருந்தது. ஒருநாள் மேசையில் கிடந்தபடியே, "மிஸ் கிரேஸ், அந்த டேப் ரோலெல்லாம் இங்க தாங்க" என்றான். வெள்ளை ரோல்களை ஒரு பக்கமும் பழுப்பு ரோல்களை எதிர்ப்பக்கமும் அடுக்கினான். "இவன் இப்படிப் போனா நான் எங்க நிக்கணும்னு எனக்குத் தெரியும். மத்த ஏழு பேரும் எங்க நிக்கணும்னு இதுவரைக்கும் யோசிச்சதே இல்ல." அந்த வசந்தத்தில் தலைமைப் பயிற்சியாளர் அவனைத் தடுப்பாட்டத்துக்கு உதவிப் பயிற்சியாளராக வைத்துக்கொண்டார்.

ஆட்டக்காரன் பயிற்சியாளர் ஆவது சட்டை மாற்றுவதுபோல என்று நினைத்திருந்தேன். அருகிலிருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, அது ஒரே வீட்டில் இருந்துகொண்டு சம்பந்தி வீட்டுக்காரராக மாறுவது போல. காலர் வைத்த சட்டை போட்டுக்கொண்டு வந்த முதல் நாள், பழக்கத்தில் என் மேசையில் ஏறிக் காலை நீட்டினார். வரிசையில் நின்ற பையன்கள் கைதட்டினார்கள். "கோச்சுக்கும் டேப் போடுங்க மிஸ் கிரேஸ், வீடியோ பாக்கும்போது கணுக்கால் சுளுக்கிடும்." சாப்பாட்டு அறையில் தட்டோடு நடுவில் நின்றார், எந்த மேசை என்று தெரியவில்லை. தலைமைப் பயிற்சியாளர் அவரை அழைத்து, "இனிமே பேருந்துல அவங்களோட சீட்டு ஆடாதே. நாளைக்கு அவங்கள்ல ஒருத்தன வீட்டுக்கு அனுப்ப வேண்டி வரும்" என்றார். ஆட்டத்தின் நடுவே தன்னை மறந்து கோட்டைத் தாண்டி உள்ளே ஓடி, அணிக்குத் தண்டனை வாங்கித் தந்தார். நானும் தமிழில் நினைக்கும்போது அவனை 'அவர்' ஆக்கிக்கொள்ள ஒரு சீசன் பிடித்தது.

மூன்றாவது வருடம் நன்றாகத் தேறிவிட்டார். வீடியோவைப் பின்னால் ஓட்டி ஓட்டிப் பார்த்து, ஒவ்வொருவனிடமும் தனியாகப் பேசுவார். யாரையும் எல்லோர் முன்னாலும் திட்டமாட்டார். அவர் கற்றுக்கொள்ளாமல் விட்டது ஒன்றே ஒன்று. அது குறையென்று அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது.

அந்த வருடம் வால்ட் ஓய்வு பெற்றிருந்தார். பெட்டி எனக்கு வந்தது. சீசனின் நடுவில் தலைமைப் பயிற்சியாளர் வேறு அணிக்குப் போய்விட, உரிமையாளர் கர்ட்டிஸை அந்த இடத்தில் தற்காலிகமாக வைத்தார். மீதி ஆட்டங்களைப் பார்த்துத்தான் நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தோம். சனிக்கிழமை மாலை கூட்டத்தில் பையன்கள் செத்த வீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல உட்கார்ந்திருந்தார்கள். கர்ட்டிஸ் பலகையில் இரண்டு கோடு போட்டார், அழித்தார். பிறகு மேசை விளிம்பில் உட்கார்ந்து அந்தக் கதையைச் சொன்னார்.

"வால்ட் எனக்க ஹெல்மெட் மேல உக்காந்துட்டார்" என்று எங்கள் நாகர்கோவில் பேச்சில் தொடங்குவதுபோலத்தான் என் காதில் விழும். அவ்வளவு ஊர்க்காரத்தனமாகக் கதை சொல்லுவார். "கோழி முட்டை மேல உக்காந்த மாதிரி. முகத்துல ஒரு திருப்தி வேற. நான் பாத்தேன், நம்ம உதைக்கிற பையன் ஹெல்மெட் கிடக்கு. அவன் தலை ஆரஞ்சுப் பழம் அளவு. என் தலை இது." இரண்டு கையாலும் காட்டினார். "உள்ள நுழையும்போது காது ரெண்டும் கழுத்துக்கு வந்துடுச்சு. நடுவர் என்னப் பாத்து, உனக்கு மூச்சு வருதான்னு கேக்கறார்."

அறை வெடித்துச் சிரித்தது. பின்னால் டேப் வெட்டிக்கொண்டிருந்த நானும் சிரித்தேன். முன் வரிசையில் டெவின் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். அவனுக்கு இருபத்திரண்டு வயது, லூசியானாவில் லேக் சார்ல்ஸ்காரன், அதே லைன்பேக்கர். கர்ட்டிஸ் ஒரு காலத்தில் மணிக்கட்டில் டேப் சுற்றிக்கொண்ட மாதிரியே தனக்கும் சுற்றச் சொல்லுவான்.

"அன்னைக்கு ஜெயிச்சோம்" என்று கர்ட்டிஸ் முடித்தார். "சரி, இப்ப பலகையப் பாருங்க."

ஆட்டக்காரன் ஆட்டக்காரனுக்குச் சொன்னால் அது கதை. பலகைக்கு முன்னால் நின்று பயிற்சியாளர் சொன்னால் அது பாடம். இதைத்தான் அவர் கற்றுக்கொள்ளவில்லை. எங்களுக்கும் உறைக்கவில்லை.

மறுநாள் மூன்று இருபதுக்கு டெவின் சுவரில் மோதிவிட்டு நடந்து வந்தான். கண் என்னைப் பார்த்தது, ஆனால் கொஞ்சம் தாமதமாகப் பார்த்தது. நான் எதுவும் கேட்கவில்லை. அவன் தண்ணீருக்குக் கையை நீட்டியதும் ஹெல்மெட்டைப் பெட்டிக்குள் போட்டு வாரைக் கட்டி மேலே உட்கார்ந்தேன்.

"மிளகு, ஏணி, சனிக்கிழமை" என்றேன். "அப்புறம் கேப்பேன்."

"அய்யோ மிஸ் கிரேஸ், நான் நல்லாருக்கேன். பெட்டியிலிருந்து எந்திரிங்க. நீங்க ரொம்ப லேசு, நானே தூக்கிடுவேன்."

"தூக்கிப் பாரு."

சிரித்தான். விளக்கடித்துப் பார்த்தேன், கண்மணிகள் சமமாகத்தான் இருந்தன. ஒற்றைக் காலில் நின்றபோது தள்ளாடினான். சொற்களைக் கேட்டபோது, "மிளகு, ஏணி" என்றான். பிறகு யோசித்து, "நாற்காலி" என்றான். நான் கர்ட்டிஸிடம் போய், "டெவின் இன்னைக்கு இல்ல" என்றேன். அவர் பலகையைப் பார்த்தபடியே, "சரி மிஸ் கிரேஸ்" என்றார். ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. இதை எழுதியே ஆக வேண்டும், ஏனென்றால் பிறகு பலர் வேறு மாதிரி பேசினார்கள். அணியின் டாக்டர் உள்ளே வேறொருவனுக்கு மோவாயில் தையல் போட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் டெவினைப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். டெவினை என் பக்கத்தில் உட்காரவைத்தேன்.

அடுத்து ராய் நொண்டிக்கொண்டு வந்தான். அவனும் தடுப்பாட்டக்காரன்தான், மலைபோல உடம்பு. பழைய டேப்பை வெட்டி எடுத்துவிட்டுக் கணுக்காலைப் பார்க்க வேண்டும். பெட்டியிலிருந்து இறங்கித் தரையில் முழங்காலிட்டேன். வார் கட்டியிருந்தது, அதை ஒருமுறை இழுத்தும் பார்த்தேன். ராய் தன் ஹெல்மெட்டைக் கழற்றி என் முழங்காலுக்குப் பக்கத்தில் வைத்தான். ஈரமான டேப் சீக்கிரம் வெட்டுப்படாது. கத்தரியின் நுனி தோலில் படாமல் இருக்க வேண்டும், அதனால் நிமிர முடியாது. வெட்டி முடித்துக் கையை ஊன்றி எழப் போனபோது அந்த இடத்தில் ஹெல்மெட் இல்லை. பொருட்களைப் பார்த்துக்கொள்கிறவர் எடுத்து வைத்திருப்பார் என்று நினைத்தேன். ஒரு நொடி அப்படித்தான் நினைத்தேன். பிறகு பக்கத்தில் டெவின் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தேன்.

ராய் வெளியே வந்ததால் கர்ட்டிஸ், "அடுத்த ஆள் உள்ள போ" என்று கை காட்டியிருந்தார். ஒருவன் ஓடினான். எட்டுப் பேர், கணக்குச் சரி. அவர் பார்வை எதிரணி மேல் இருந்தது. வரிசை நின்ற பிறகுதான் அந்த ஓட்டம் யாருடையது என்று அவருக்கு உறைத்திருக்கிறது. டெவின் இடது தோளைத் தாழ்த்தி ஓடுவான். கர்ட்டிஸ் இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிக்கொண்டே கோட்டைத் தாண்டி உள்ளே ஓடினார். நானும் ஓடினேன். பந்து அதற்குள் கைமாறி ஆட்டம் தொடங்கிவிட்டது.

பெரிய மோதல் இல்லை. தினமும் நூறு தடவை நடக்கிற சாதாரணத் தடுப்பு. டெவின் விழுந்தான், எழுந்தான். எதிரணியின் பெஞ்சைப் பார்த்து நான்கைந்து அடி நடந்தான். பிறகு யாரோ கீழே உட்காரச் சொன்னதுபோல மெதுவாகச் சரிந்தான்.

இதற்கான முறை எங்களுக்குக் கைப்பழக்கம். தலையை அசைக்கக்கூடாது. ஹெல்மெட்டைக் கழற்றக்கூடாது, கழுத்தோடு சேர்த்து அப்படியே பிடித்துக்கொண்டு, முகக் கம்பியை மட்டும் கிளிப்புகளை வெட்டி எடுக்க வேண்டும். ராயின் ஹெல்மெட் டெவினுக்குப் பெரிது. நான் பிடித்திருந்தபோதும் அதற்குள் தலை லேசாக ஆடியது. முழங்கைகளால் முட்டுக் கொடுத்துப் பிடித்தேன். வலது கண்மணி விரிந்துவிட்டிருந்தது. கர்ட்டிஸ் கம்பளத்தில் மண்டியிட்டு, "டெவின், நான் பேசறது கேக்குதா? கையப் பிடி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். டெவினின் வலது கை பிடித்தது, இடது கை பிடிக்கவில்லை. டாக்டர் ஓடி வந்தார். விதிப்படி அரங்க வாசலில் நின்ற ஆம்புலன்ஸ் உள்ளே வந்தது. நான் ஏறினேன். கர்ட்டிஸ் காதில் மாட்டியிருந்த கருவியை உதவிப் பயிற்சியாளர் கையில் கொடுத்துவிட்டுப் பின்னாலேயே காரில் வந்தார். அன்றைய ஆட்டம் என்ன ஆயிற்று என்று அவர் ஒருநாளும் என்னிடம் கேட்டதில்லை.

மண்டைக்குள் இரத்தம் கட்டியிருந்தது. நேரே அறுவைக்குக் கொண்டுபோனார்கள். இப்படி நடந்தால் வீட்டுக்குச் சொல்ல வேண்டியவர் தலைமைப் பயிற்சியாளர். அது எழுதாத வழக்கம். நான் பேசட்டுமா என்று கேட்டேன். கர்ட்டிஸ் தலையசைத்து மறுத்து, சுவரிலிருந்த தொலைபேசியை எடுத்தார். டெவினின் அம்மா பெயர் வெர்னா. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர், அப்பா இல்லாத பிள்ளையை வளர்த்தவர். கர்ட்டிஸ் தன் பெயரைச் சொன்னார், நடந்ததைச் சொன்னார். அந்தப் பக்கம் ஒரே ஒரு கேள்வி. கர்ட்டிஸ், "இல்ல மேடம், தனியா இல்ல" என்றார். பிறகு, "விடமாட்டோம் மேடம்" என்றார். போனை வைத்தபின் கைக்குட்டை கிடைக்காமல் சட்டைக் காலரால் முகத்தைத் துடைத்தார்.

நான் வீட்டுக்குப் பேசினேன். போனை எடுத்தது ஜோயல். அவனுக்கு அப்போது பதினைந்து வயது, பள்ளி அணியில் இருந்தான். ட்ரெயினர் பெற்ற பிள்ளை, எல்லாம் தெரிந்தவன் என்ற தைரியத்தில்தான் அவன் ஆடச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

"அப்பாகிட்ட சொல்லு மக்களே, வர லேட்டாகும். ஒரு பையனுக்குத் தலையில அடி. ஆபரேஷன் நடக்கு."

"இஸ் ஹி கோயிங் டு பி ஓகே?"

"தெரியல."

"டிட் ஹி ஸே ஹி வாஸ் ஃபைன்?"

"ஆமா. அப்படித்தான் சொன்னான்."

பிறகு மிகவும் தாழ்ந்த குரலில், "அம்மா, ஐ ஹேட் ஒன் டூ. இன் ஸ்பிரிங் ப்ராக்டிஸ். ஐ டிடின்ட் டெல் எனிபடி" என்றான்.

அவனுக்கும் தலையில் அடிபட்டிருக்கிறது; யாரிடமும் சொல்லவில்லை. ஊரார் பிள்ளைகளிடமெல்லாம் மூன்று சொல் கேட்கிறவள், இரவு சாப்பாட்டில் அவனிடம் கேட்டதெல்லாம், "எப்படி இருக்க மக்களே, நல்லாருக்கியா?" அவனும் மரியாதையாகப் பதில் சொல்லியிருக்கிறான். "அப்பாகிட்ட போனக் குடு" என்றேன். அடுத்த நாளே அவனை மருத்துவரிடம் கூட்டிப் போனோம். அவனுக்கு ஒன்றுமில்லை. ஆனால் அந்த, "ஐ டிடின்ட் டெல்" இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

காத்திருக்கும் அறையில் கர்ட்டிஸ் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். முழங்கால்களில் கம்பளத்தின் பச்சைத் துகள்கள் ஒட்டியிருந்தன.

"மிஸ் கிரேஸ், அந்தக் கதைய நான் எவ்வளவு தடவ சொல்லியிருப்பேன்?"

"எனக்குத் தெரிஞ்சே நிறைய."

"வால்ட் ஒரு தடவகூடச் சிரிச்சதில்ல. அவருக்கு நகைச்சுவை தெரியாதுன்னு நினைச்சேன்." முழங்காலிலிருந்த பச்சைத் துகள்களைத் தட்டினார். "நான் விட்டுடறேன். நாளைக்கு ஓனர்கிட்ட சொல்லிடறேன். மச்சான் கிடங்கு வச்சிருக்கான், அங்க ஆள் வேணும்னு கேட்டுக்கிட்டே இருக்கான்."

"இப்ப எதையும் முடிவு பண்ண வேண்டாம்."

"முடிவு நேத்தே ஆயிடுச்சு மிஸ் கிரேஸ். மேசை மேல உக்காந்து பேசினப்பவே."

அறுவை செய்த மருத்துவர் தொப்பியோடு வெளியே வந்தார். இரத்தக் கட்டியை எடுத்தாயிற்று, உயிருக்கு ஆபத்தில்லை என்று நம்புகிறேன் என்றார். இடது கையும் பேச்சும் எவ்வளவு திரும்பும் என்று இப்போது சொல்ல முடியாது. மறுபடியும் ஆடுவானா என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பின்னாளில் பேச்சு திரும்பியது. சொல் கொஞ்சம் தேடி வரும். இடது கையால் இன்றும் பொத்தான் போட முடியாது. அதெல்லாம் பிறகு.

வெயில் சாயும் நேரத்தில் வெர்னா வந்தார். ஞாயிறு என்பதால் தேவாலயத்திலிருந்தே கிளம்பியிருக்கிறார். வாசலில் நின்று வருகிறவர்களை உட்காரவைக்கும் ஊழியத்துக்கான வெள்ளை உடுப்பு, வெள்ளைத் தொப்பி, கையில் வெள்ளைக் கையுறை. எங்கள் ஊர்ச் சபைப் பெண்கள் வெள்ளைச் சேலையில் வருவதுபோல இருந்தது. நர்ஸ் அவரை உள்ளே கூட்டிப் போனார். வெளியே வந்தபோது கையுறைகள் கழன்று ஒரு கைக்குள் சுருண்டிருந்தன. கர்ட்டிஸ் எழுந்து நின்றார்.

"நான்தான் கோச் மேடம்."

"தெரியும். உக்காருங்க."

வெர்னா உட்கார்ந்தார், கர்ட்டிஸ் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். மூன்று இருபது, பெட்டி, ராயின் ஹெல்மெட். "மிஸ் கிரேஸ் செய்ய வேண்டியதச் செஞ்சாங்க. அவனுக்கு அந்த வழியக் காட்டினது நான். நேத்து ஒரு கதை சொன்னேன் மேடம். நான் ஆடின காலத்துல..."

"குட்டி ஹெல்மெட் கதை" என்றார் வெர்னா.

"உங்களுக்கு எப்படித் தெரியும் மேடம்?" என்றார் கர்ட்டிஸ்.

"நேத்து ராத்திரி போன் பண்ணினான். சிரிப்புல பேச்சே வரல அவனுக்கு. காது கழுத்துக்கு வந்துடுச்சுன்னு சொல்லிச் சொல்லிச் சிரிச்சான். எண்ணெய ஊத்தி இழுத்தாங்களாமேன்னு நானும் சிரிச்சேன்." கையுறைகளை மடியில் வைத்து ஒன்றின்மேல் ஒன்றாக நீவினார். "அவன் அப்படிச் சிரிச்சு ரொம்ப நாளாச்சு, கோச்."

"நான் இந்த வேலைய விட்டுடப் போறேன் மேடம். இனிமே எந்தப் பையன் முன்னாலயும் நிக்கமாட்டேன்."

வெர்னா அவரை நிமிர்ந்து பார்த்தார். பேருந்தில் கடைசி இருக்கைப் பிள்ளைகளைக் கண்ணாடியில் பார்க்கும் பார்வை அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

"நீங்க போயிட்டா அந்தக் கதை போயிடுமா? அந்தப் பையன்க எல்லாருக்கும் இப்ப அது தெரியும். எங்கேயாவது போய்ச் சொல்லிக்கிட்டுத்தான் இருப்பாங்க. பாதியச் சொல்லுவாங்க." தன் பக்கத்து நாற்காலியைக் கையால் தட்டினார். கர்ட்டிஸ் உட்கார்ந்தார். "நீங்க இருங்க. வருஷா வருஷம் புதுப் பையன்க வரும்போது நீங்களே அதச் சொல்லுங்க. இப்ப சொல்ற மாதிரியே சொல்லுங்க, காது, எண்ணெய், எல்லாம். நல்லாச் சிரிக்கட்டும். சிரிச்சு முடிக்கற வரைக்கும் காத்திருங்க. அப்புறம் எம் பிள்ள பேரச் சொல்லுங்க."